துணி கட்டிய கேன்கள்

மதில் சுவரின் அடியிலிருந்து கசிந்த மஞ்சள் தண்ணீரை முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுக் கோமளாதான். துணி காயப்போட வந்தவள், யாரோ எதையோ கரைத்துக் கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துத் துடைப்பத்தால் தள்ளிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அவளுடைய கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகிவிட்டது. முருங்கை மரத்தடியில் புல் கருகிக் கிடந்தது. மறுநாள் காலையில் அவள் புருஷன் மனோகரன் சுவரோரம் ஸ்டூல் போட்டு ஏறி, ஞானகுமாரி வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தான். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் கேன் மேல் கேனாக அடுக்கியிருந்ததைப் போனில் படம் பிடித்தான். சுவரைத் தட்டி ஆளைக் கூப்பிடவில்லை. நேராக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பிவிட்டான்.

அன்றிலிருந்து அந்த முட்டுச்சந்தில் ஞானகுமாரிக்கு நல்ல வார்த்தை கிடையாது.

"குடும்பம் நடத்துற எடமா இல்ல கொள்ளி வைக்கிற எடமா இது?" என்று கோமளா மாடியில் நின்று கத்துவாள்.

"அடுத்தவ ஊட்டை ஸ்டூல் போட்டு எட்டிப் பாக்குற ஆம்பளையை முதல்ல அடக்கு, அப்பறம் எனக்குக் கொள்ளி வை" என்று ஞானகுமாரி கீழிருந்து கொடுப்பாள்.

வாய்க்கு வாய் கொடுத்தாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். அந்தக் கேன்கள் வந்த நாளிலிருந்தே பயம்.

கேன்கள் அவள் புருஷன் யூஜினின் அண்ணன் சத்தியராஜுடையவை. அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெருவில் முலாம் பட்டறை வைத்திருந்தார். பைக் உதிரி பாகங்கள், கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு என்று வருவதையெல்லாம் தொட்டியில் முக்கிப் பளபளவென்று ஆக்கி அனுப்புகிற தொழில். யூஜின் அங்கே கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பஃபிங் வேலை. சுற்றுகிற சக்கரத்தில் இரும்பை அழுத்தித் தேய்த்துத் தேய்த்து, மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். தொட்டி ரூமுக்குள் மட்டும் அவனுக்கு அனுமதி இல்லை. யாருக்குமே இல்லை. சரக்கு வந்து இறங்கியதும் சத்தியராஜ் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற முதல் வேலை, கேன்களின் மேல் ஒட்டியிருக்கும் தாளை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுப்பது. எந்தச் சரக்கை எதோடு எவ்வளவு கலக்கிறோம் என்று வேலைக்காரன் தெரிந்துகொண்டால், அவன் அடுத்த தெருவில் தனிப் பட்டறை போட்டுவிடுவான். சின்னப் பட்டறைக்காரர்களுக்கு எப்போதும் இருக்கிற பயம் அது. தாளுக்குப் பதில் கேன் கழுத்தில் ஒரு துணிக் கிழிசல். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை. எந்தத் துணி எது என்பது சத்தியராஜின் மண்டைக்குள் மட்டும் இருந்தது. கூடப் பிறந்தவனிடம்கூடச் சொன்னதில்லை. அவனும் ஒருநாள் தனிப் பட்டறை போட்டுவிடலாம் அல்லவா.

இடத்துக்காரர் காலி செய்யச் சொன்னதும் பட்டறையை மூடினார். மீந்த சரக்கை முறையாக ஒப்படைப்பதற்கு அலைய வேண்டும். அலைய அவருக்கு மனமில்லை. ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தம்பி வீட்டுக் கொல்லையில் இறக்கிவிட்டார். "ஒரு வாரம் கெடக்கட்டும்டா" என்றார். கோடை போய் மழைக்காலமும் தலைகாட்டிவிட்டது. வீடு யூஜின் பேரில் இருந்தது. சத்தியராஜ் முகப்பேர் ஃபிளாட்டில் இருந்தார்.

"ஒங்கண்ணனை வந்து எடுத்துகினு போவச் சொல்லு" என்று ஞானகுமாரி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள்.

"அண்ணன் பாத்துக்கும்" என்பான் யூஜின். அவனுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். அப்பா செத்த பிறகு சோறு போட்டு வளர்த்தவர் என்ற ஒரு காரணத்துக்காக, நாலு பேர் முன்னால் அண்ணன் வாயிலிருந்து வருகிற எதையும் அவன் மறுத்துப் பேச மாட்டான். குடித்திருந்தாலும் 'அவரு' என்பது 'அவன்' ஆகாது.

வாரியத்திலிருந்து ஷோபனா என்ற பொறியாளர் வந்த காலையில் வானம் கறுத்திருந்தது. மழை எச்சரிக்கை எல்லார் போனிலும் வந்திருந்தது. மழை பிடித்தால் ஏரித் தண்ணீர் முதலில் நுழைவது அந்தச் சந்தில்தான். ஒவ்வொரு வருஷமும் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்துகிற ஜனங்கள் அவர்கள். கொட்டகைக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கூடவே கழிவு எடுக்கும் கம்பெனி லாரி ஒன்று வந்து சந்து முனையில் நின்றது. சுலைமான் என்பவன் ஆட்களோடு ரப்பர் பூட்ஸும் முகமூடியுமாக இறங்கினான். கொட்டகையைச் சுற்றி சிவப்பு நாடா கட்டினான். ஒரு கறுப்புத் துணி கட்டிய டிரம்மின் மூடியை நெம்பிப் பார்த்தான். உள்ளே வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஏதோ கிடந்தது. மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு வெளியே வந்தான்.

சத்தியராஜ் பைக்கில் வந்து இறங்கினார். கோயிலுக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை. ஜனம் மொத்தமும் சந்தில் நின்றது.

"யாருடைய சரக்கு இது?" என்றாள் ஷோபனா.

யூஜின் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் ஷோபனாவைப் பார்த்தார்.

"கடையை மூடும்போது எல்லாத்தையும் தம்பிக்கே குட்த்துட்டேன் மேடம். தனியா தொழில் பண்ணப் போறேன்னு அவன்தான் கேட்டான். வேணாம்டான்னு சொன்னேன், கேக்கல."

ஞானகுமாரி தான் கேட்டது சரிதானா என்று புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒங்க சரக்கா?" என்று ஷோபனா அவனைக் கேட்டாள். "யோசிச்சுச் சொல்லுங்க. குடியிருக்கிற வீட்டுல இதை வெச்சதுக்கு உள்ள போக வேண்டியிருக்கும்."

யூஜின் இருமினான். "அண்ணன் சொன்னா சரிதான் மேடம்."

"இன்னாயா சரி?" ஞானகுமாரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எது சரி? வண்டியில ஏத்திகினு வந்து எறக்குனது யாரு? வாயில இன்னா வெச்சிகினு கீற?"

"ஞானம், சும்மாரு. அவரு எதுனா யோசிச்சுதான் சொல்வாரு."

சத்தியராஜ் தம்பியின் தோளில் கைபோட்டு ஓரமாக இழுத்துப்போனார். அவளுக்குக் கேட்கட்டும் என்றே பேசினார் போலிருந்தது. "நான் வெளிய இருந்தாத்தான்டா உன்னை ஜாமீன்ல எட்க்க முடியும். ரெண்டு பேரும் உள்ள போனா யார் எட்ப்பா? ஒன் பொண்டாட்டியா?"

"ஏன் மாமா, நீ உள்ள போ, இவரு எட்க்கட்டும்" என்றாள் ஞானகுமாரி.

"பொம்பளை நடுவுல பேசாத."

"என் ஊடு. நான் நடுவுலதான் பேசுவேன்."

மாடியிலிருந்து கோமளா, "ஒங்க பங்காளிச் சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க, முதல்ல அந்த எழவை எடுங்க" என்றாள். சந்தில் நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். வீட்டைப் பூட்டி இவர்களைத் துரத்த வேண்டும் என்று ஒருத்தர் சொன்னார். பட்டறை மூடும்வரை யூஜினிடம் மிக்ஸி மூடியைத் தேய்த்துத் தரச் சொல்லி வாங்கிப்போனவர்தான் அவர்.

சுலைமான் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு யூஜினிடம் வந்தான். "அண்ணாத்தே, சரக்கு ஒன்னுதுன்னா எது எதுல இன்னா கீதுன்னு சொல்லு. வெள்ளைத்துணி இன்னா, கறுப்புத்துணி இன்னா? பேர் தெரியாத கேனை நான் லாரியில ஏத்த மாட்டேன். ஒண்ணோட ஒண்ணு சேந்துச்சின்னா என் புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவ?"

யூஜின் கேன்களைப் பார்த்தான். "தெர்லபா."

"தெர்லயா?" ஷோபனா திரும்பினாள். "தொழில் பண்ண வாங்கினேன்னு சொல்றீங்க, என்னன்னு தெரியாதா?"

"அவருக்கு எப்டி மேடம் தெரியும்?" என்றாள் ஞானகுமாரி. "தொட்டி ரூம்புக்குள்ள ஒரு நாள் உட்டதில்ல அவரை. சொந்தத் தம்பியைக் கதவுக்கு வெளிய நிக்க வெச்சுதான் கலக்குவாரு இந்தப் பெரிய மனுஷன். அவரைக் கேளு."

ஷோபனா சத்தியராஜைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. குடுத்தவர் நீங்கதானே?"

சத்தியராஜ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வாயைத் திறந்து இது இன்னது என்று சொன்னால் சரக்கு தன்னுடையது என்று ஆகிவிடும். அது அவருக்குத் தெரிந்தது. ஞானகுமாரிக்கும் தெரிந்தது.

"நான் குட்த்தப்ப ஒழுங்காதான் இருந்துது மேடம். இவன் கேன் மாத்தி ஊத்தியிருப்பான். இப்ப எதுல இன்னா கீதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

முதல் தூறல் ஆஸ்பெஸ்டாஸ் மேல் விழுந்தது. ஷோபனா வாய்க்குள் ஏதோ திட்டிவிட்டு, பரிசோதனை வண்டியை வரச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு சந்து முனைக்கு நடந்தாள். போகும்போது, "யூஜின் பேர்ல எழுதிக்கங்க" என்று கூட வந்த ஆளிடம் சொன்னாள். சுலைமானின் ஆட்கள் லாரியிலிருந்து தார்ப்பாய் எடுக்க ஓடினார்கள்.

யூஜின் மட்டும் நாடாவைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனான். யாரும் சொல்லவில்லை. தரையில் ஈரம் ஓடத் தொடங்கியிருந்ததால் ஓட்டைக் கேனை நகர்த்திச் செங்கல் மேல் வைக்கக் குனிந்தான். மூடி இறுக்காத அந்தக் கறுப்புத்துணி டிரம் அவன் முழங்கை இடிக்கிற தூரத்தில் இருந்தது. அண்ணன் செய்துவைத்த அசிங்கத்தை அண்ணனுக்காகவே துடைக்கிற அந்தக் குனிவை ஞானகுமாரி பார்த்தாள். இந்த மனுஷன் இப்படியேதான் ஜெயிலுக்கும் போவான். போகும்போதும் அண்ணன் பாத்துக்கும் என்றுதான் சொல்லிவிட்டுப் போவான்.

அவளுக்கு ஒன்று தெரியும். யூஜின் எப்போதோ சொன்னது. பட்டறையில் வெள்ளைத்துணிக் கேனைக் கறுப்புத்துணி டிரம்முக்குப் பக்கத்தில் ஒருத்தன் இறக்கி வைத்ததற்குச் சத்தியராஜ் அவனைச் செருப்பால் அடித்தார். ஏன் அடித்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. இங்கே குட்டியானைக்காரன் அவசரத்தில் தள்ளிவிட்டுப் போனதில் இரண்டும் ஒட்டி ஒட்டி நின்றன.

நாடாவுக்கு அடியில் நுழைந்து அவள் வெள்ளைத்துணிக் கேனைத் தூக்கினாள். அம்பத்தூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் சாம்பார் அண்டா இறக்குகிற கைகள் அவை. கேன் ஒரு பொருட்டாக இல்லை. மூடியைத் திருகி எறிந்தாள். ஆவி மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. காலால் டிரம்மின் மூடியைத் தள்ளிவிட்டு, கேனின் வாயை அதன் மேல் சாய்த்துப் பிடித்தாள்.

"மாமா."

சத்தியராஜ் திரும்பினார்.

"எது எதுன்னு யாருக்கும் தெர்லன்றீங்களே. எல்லாத்தையும் ஒரே டிரம்முல ஊத்திக் கலக்கிட்டா ஒரே சரக்கா பூடும். சுலைமான் பாய் ஏத்திகினு போவட்டும். ஊத்தட்டா?"

"ஏய் ஞானம்" என்றான் யூஜின், குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்து. அவனுக்கு இன்னும் புரியவில்லை.

சத்தியராஜின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் பார்த்தாள். அவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். வேணாம் ஞானம், அத்தக் கொட்டாத, அதுல இன்னது கீது என்று கத்துவார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் கையிலிருந்த சாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தே கேட்கும், ஷோபனா கேட்பாள், முடிந்தது விஷயம்.

சத்தியராஜ் கத்தவில்லை.

கைக்குட்டையை உதறி மூக்கில் அழுத்திக்கொண்டார். ஓரடி பின்னால் வைத்தார். டிரம்முக்குப் பக்கத்தில் நின்ற தம்பியை ஒரு தரம் பார்த்தார். திரும்பி வேகமாக நடந்தார். பிறகு ஓடினார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு, அந்த வயதுக்கும் தொப்பைக்கும் ஒரு மனுஷன் அப்படி ஓடுவான் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வெளிக் கேட்டில் மனோகரன் நின்றிருந்தான். என்ன நடக்கிறது என்று அவனுக்கு முழுக்கத் தெரியாது. ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வருகிறவனைப் பார்த்ததும் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டான்.

"எங்க போறீங்க? செத்தா எல்லாரும் சேந்தே சாவோம், நில்லுங்க."

"வழிய வுடுயா. அவ பைத்தியம். ஊத்திட்டான்னா ஒரு மூச்சுதான், ஒருத்தன் தப்ப மாட்டான்."

சந்து முழுவதும் அதைக் கேட்டது. போனைக் காதில் வைத்தபடி திரும்பி ஓடிவந்த ஷோபனாவும் கேட்டாள்.

கொட்டகைக்குள் யூஜின் அசையாமல் நின்றான். அண்ணன் ஓடிய வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். கணக்குப் புரியாதவன் விரல் விட்டு எண்ணுவது மாதிரி, அவன் முகத்தில் ஒவ்வொன்றாக ஏறியது. டிரம். கேன். தான் நிற்கிற இடம். அண்ணன் பார்த்த பார்வை.

"ஞானம்" என்றான், தணிந்த குரலில். "கேனைக் கீழ வெய்யி."

அவள் வைத்தாள். சுலைமானின் ஆள் ஒருத்தன் பாய்ந்து வந்து டிரம்மை மூடினான். இன்னொருத்தன் அவளைக் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து, குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சினான்.

"நீயெல்லாம் பொம்பளையா?" கோமளா கீழேயே இறங்கி வந்துவிட்டாள். "மாடியில என் பொண்ணு நிவேதிதா படிச்சுக்கிட்டு இருக்கா. ஊத்தியிருந்தா அவளைக் கொன்னிருப்ப நீ."

வாழ்க்கையில் முதல் முறையாக ஞானகுமாரி கோமளாவுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

யூஜின் ஷோபனாவுக்கு முன்னால் போய் நின்றான். கை கட்டிக்கொள்ளவில்லை. "மேடம், எழுதுனதை அடிச்சிருங்க. சரக்கு என்னுது இல்ல. அவனுது."

"டேய்." கேட்டடியிலிருந்து சத்தியராஜ் கத்தினார். "யாரைடா அவன்ற?"

"ஓடுனியே, அவனைத்தான்."

"உன்னை வளத்ததுக்கு..."

"வளத்தல்ல. அந்தக் கையாலதான் மூக்கைப் புட்ச்சிகினு ஓடுன. ஒரு வார்த்த, 'தம்பி தள்ளு'ன்னு சொல்ல ஒனக்கு வாய் வர்ல."

அதற்கு மேல் சத்தியராஜிடம் நியாயம் எதுவும் இல்லை. இருந்தாலும் கேட்க யாரும் தயாராக இல்லை. சுலைமான் அவருக்கு ஒரு முகமூடியை மாட்டிவிட்டான். ஷோபனா அவரைக் கொட்டகை வாசலில் நிறுத்திக் கேனைக் கேனாகக் கேட்டாள். முதலில் தெரியாது என்றார். ஒரு மூச்சில் எல்லாரும் சாவோம் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டாள். பிறகு சொன்னார். சிவப்பு, முலாம் போடும் குரோமிக் கரைசல். அதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் போன மஞ்சள் தண்ணீர். பச்சை, நிக்கல் உப்பு. வெள்ளை, ஆசிட்.

"கறுப்பு?"

அவர் கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்தார்.

"கறுப்பு என்ன?"

"சயனைடு."

சந்தில் நின்ற கூட்டம், யாரும் சொல்லாமலே, பத்தடி பின்னால் போயிற்று. ஷோபனா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இதை மழைத்தண்ணி ஏறுற தெருவுல, தம்பி வீட்டுக் கக்கூஸ் பக்கத்துல, ஆசிட்டோட ஒட்டி வெச்சீங்க. நல்ல அண்ணன்."

பிறகு ஞானகுமாரியிடம் திரும்பினாள். "நீ செஞ்சதையும் எழுதத்தான் போறேன். தெரிஞ்சே செஞ்சிருக்க."

"எழுதிக்க மேடம். நான் செஞ்சதை எழுது. அவரு செய்யாததை அவரு தலையில எழுதாத."

மழை வலுக்கும் முன்னால் சுலைமானின் ஆட்கள் வெள்ளையை முதலில் ஏற்றினார்கள். அதற்கென்று வேறு வண்டி வரும்வரை கறுப்பைத் தனியாகத் தார்ப்பாய் போட்டு மூடிக் காவல் நின்றார்கள். கொட்டகை மண்ணையும் மனோகரன் வீட்டு முருங்கை மண்ணையும் தோண்டி எடுத்துப்போக வேண்டும் என்று ஷோபனா சொன்னாள். மரத்தை வெட்டினால் யார் நஷ்டம் தருவார்கள் என்று கோமளா அங்கேயே சண்டையை ஆரம்பித்தாள். ஷோபனா வரவழைத்த போலீஸ் ஜீப்பில் சத்தியராஜை ஏற்றும்போது, "டேய் யூஜின், அண்ணிக்கு ஒரு போன் பண்ணி வக்கீலை அனுப்பச் சொல்லு" என்றார். யூஜின் காதில் விழாதது போல் நின்றான். ஜீப் கிளம்பிய பிறகும் அந்தப் பைக் மழையில் நனைந்துகொண்டு சந்தை அடைத்து நின்றது. யாரும் அதை ஓரம் கட்டவில்லை.

வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் எதிர்ச்சாரியில் மூடிக் கிடந்த ஒரு இஸ்திரி வண்டியின் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினார்கள். ஞானகுமாரிக்குக் கண் இன்னும் எரிந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்து இமை வீங்கியிருந்தது.

யூஜின் நெடுநேரம் இருமிவிட்டுக் கேட்டான். "எந்தக் கேன்னு தெரிஞ்சுதான் எட்த்தியா?"

"தெரியும்."

"நான் பக்கத்துல நிக்கிறது?"

"அதுவும் தெரியும்."

"ஊத்தியிருப்பியா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தாள்.

"அவரு கத்துவாருன்னு நெனச்சேன்யா. அதுக்கு மேல நான் நெனைக்கவே இல்ல."

யூஜின் தலையாட்டினான். தகரத்தின் மேல் விழுகிற மழைச் சத்தத்தில் அவன் சொன்னது பாதிதான் கேட்டது.

"நானும் அவன் திரும்பிப் பாத்துக் கத்துவான்னுதான் அங்கியே நின்னுகினு இருந்தேன்."